மூன்று கால்

கொவன்ட்ரியிலிருந்து வந்த பதினாறு பெட்டிகளில்
முதலில் திறந்தது கெட்டில் இருந்த பெட்டி.
ஓசூரில் ஜனவரி. காலை ஆறு மணி.
தேங்காயெண்ணெய் போத்தலுக்குள் வெள்ளையாய் இறுகிக் கிடந்தது.
பிளக்கைச் சுவருக்குக் கொண்டுபோனேன்.
அதன் தட்டைக் கால்கள் மூன்றும்
வட்ட ஓட்டைகளின் முன்னால் நின்றுவிட்டன,
சொல்லாமல் வந்த விருந்தாளி போல.

அடாப்டர் போதும் என்றார் நேசன்.
ஒரு வருஷம் பார்ப்பமே.
கம்பனி ஒப்பந்தத்தில் மூன்று என்று போட்டிருந்தது.
அதைப் பற்றி நாங்கள் கதைக்கவில்லை.

பாகலூர் ரோட்டுக் கடையில்
திறப்புக் கோர்வை ஒன்று கேட்டேன்.
உள்ளே போய் ஸ்க்ரூடிரைவர் எடுத்துவந்தார்.
"மலையாளமா மேடம்?"
இல்லை, தமிழ்.
"தமிழ்ங்களா" என்றார், நம்பாமல்.
பிறகு பையனிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார்,
பையன் கன்னடத்தில் மறுமொழி சொன்னான்,
சாவிக்கொத்து வந்துவிட்டது.
அந்தக் கடையில் தமிழ் தெரியாதவள் நான் ஒருத்திதான்.

கிருஷ்ணகிரி அலுவலகத்தில், பதிவுக்குப் போன அன்று,
நாலு பாஸ்போர்ட்டையும் விரித்து வைத்த போலீஸ்காரர்
எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.
"பிரிட்டிஷ்காரங்க எங்கம்மா?"

கேஸ் இணைப்புப் படிவத்தில் சொந்த ஊர் என்று ஒரு கட்டம்.
திருகோணமலை என்று எழுதினேன்.
பதினொரு வயதில் விட்ட ஊர்.
கவுன்டரில் இருந்த பெண் பார்த்தாள்,
எழுத்துப்பிழை என்று எண்ணி
அன்போடு திருத்திவிட்டாள்.
இப்போது என் பெயரில் உள்ள சிலிண்டர்
திருவண்ணாமலைக்காரியுடையது.
கிரிவலம் போவீங்களாக்கா என்றும் கேட்டாள்.
இனித்தான், என்றேன்.

மாதுமை இரண்டு கிழமை அழுதாள்.
மூன்றாம் கிழமை ஸ்கூல் பேருந்தால் இறங்கி
என் முகத்தைப் பார்த்து, "நீரு பேக்கு" என்றாள்.
நீர் ஒரு பேக்கு. பெற்ற தாயைப் பார்த்து!
பக்கத்து வீட்டு ஷர்மிளா மதிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
கன்னடங்க. பிள்ளைக்குத் தண்ணி வேணுமாம்.

தண்ணிக்கு வியாழன் டேங்கர்.
தக்காளிக்கு ராயக்கோட்டையிலிருந்து வருகிற மினி லாரி.
சானமாவுப் பக்கம் யானை இறங்கினால்
நேசனின் ஷிப்ட் பஸ் பிந்தும்.
முதல் தடவை கொவன்ட்ரிக்குப் போன் எடுத்துச் சொன்னோம்.
நாலாவது தடவை
சாப்பாட்டை மூடி வைத்தேன், அவ்வளவுதான்.

ஏப்ரலில் அடாப்டர் கருகியது.
சுவரில் கை அகலத்துக்கு ஒரு கறுப்பு.
முனிரத்தினம் வந்தார், காதில் பென்சிலோடு.
பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார்.
"இதுக்குள்ளயே ஒரு ஃபியூஸா?
ரொம்பப் பயந்த ஊருங்களா?"
வெட்டிடட்டுங்களா, என்றார்.
நேசனுக்கு அடித்தேன், எடுக்கவில்லை.
வயரில் கத்தரிக்கோலை வைத்தபடி அவர் காத்திருந்தார்.
வெட்டுங்கோ, என்றேன்.
ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.
புது பிளக்கோடு சேர்த்து நூற்றைம்பது ரூபாய்.

பின்னேரம் நேசன்தான் தேத்தண்ணி போட்டார்.
சுவிட்சில் கை போனது, நின்றது,
உருண்டைக் கால் பிளக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
பிறகு,
சீனி முடிஞ்சுது போல, என்றார்.

பழைய பிளக்கை ஆரூரன் எடுத்துக்கொண்டான்,
ஹாலில் கிரிக்கெட்டுக்கு விக்கெட் வைக்க.
அன்று ராத்திரி மழை, காற்று, கரண்ட் இல்லை.
மெழுகுவர்த்தி தேடிப் போன நேசன்
மல்லாந்து கிடந்த அந்த மூன்று கால் மேல்
வெறுங்காலை முழுசாக வைத்தார்.
அந்த நாட்டில் வாழ்ந்த எல்லாருக்கும் தெரிந்த வலி அது.
அந்த நாட்டு வார்த்தையில்தான் கத்தினார்.
இருட்டில் பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள்.
நானும்.

மதிலுக்கு அப்பாலிருந்து ஷர்மிளா,
"என்னாச்சுங்க்கா?"

ஒண்டுமில்லை, என்றேன்.
மழைச் சத்தத்தில் கேட்டிருக்காது.
கொஞ்சம் உரக்க,
ஒண்ணும் இல்லைங்க.